வீட்டுக்குள் இருக்கும் கள்வன்: தமிழ் மர்மப்படங்கள் காட்டிய அச்சமும் அறமும்

கொலை ஒன்று நிகழ்கிறது. கொன்றவர் யாரெனத் தெரியவில்லை. ஐயம் பலர்மீது படர்கிறது. இறுதியில் உண்மை வெளிப்படுகிறது. மர்மப்படம் என்னும் வகையின் கட்டுமானம் பெரும்பாலும் இவ்வளவே. இதனாலேயே கற்றறிந்தோர் பலர் இவ்வகைப் படங்களை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கி வைத்தனர். முடிச்சு அவிழ்ந்தபின் அதில் மீண்டும் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்தம் வினா.

ஆயினும் 1954இல் வெளிவந்த 'அந்த நாள்' படத்தையும் 1964இல் வெளிவந்த 'புதிய பறவை' படத்தையும் முடிவை நன்கறிந்தோரே மீண்டும் மீண்டும் பார்த்து வந்துள்ளனர். 'கொன்றவர் யார்?' என்னும் வினாவுக்கு விடை கிடைத்த பின்னும் தீராத வேறொரு வினா அப்படங்களில் இருப்பதே இதற்குக் காரணம். உடன் வாழ்பவரை ஒருவர் எந்த அளவுக்கு அறிய முடியும் என்பதே அவ்வினா. தமிழ் மர்மப்படங்களின் வரலாற்றை இவ்வினாவின் வழியே தொடர்ந்து சென்றால், அதன் வேர் தமிழ்க் காப்பிய மரபிலேயே ஊன்றியிருப்பதைக் காணலாம்.

அச்சத்தின் நான்கு வாயில்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுகிறார். அவற்றுள் அச்சமும் ஒன்று. நகைக்கும் அழுகைக்கும் பெருமிதத்திற்கும் நிகராக அச்சத்தையும் இலக்கியத்திற்குரிய உணர்வாக அவர் வைத்திருப்பது எண்ணத்தக்கது. ஆகவே, படிப்பவரையோ பார்ப்பவரையோ அஞ்சச் செய்யும் படைப்பு தாழ்ந்தது என்னும் கருத்துக்குத் தமிழ் இலக்கண மரபில் இடமில்லை.

அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்பதும் தொல்காப்பியர் கூற்று. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. தெய்வமும் விலங்கும் கள்வரும் மனிதனுக்குப் புறத்தே இருந்து வருபவை. ஊருக்கு வெளியே, காட்டிலே, இருளிலே அவை உறைகின்றன. நான்காவதாகக் கூறப்படும் 'இறை' அத்தகையதன்று. அரசன், தலைவன் எனப் பொருள்படும் அச்சொல் தன்மேல் உரிமை உடையவரைக் குறிக்கும். அவர் புறத்தே இருப்பவர் அல்லர். எவருடைய நிழலில் ஒருவர் வாழ்கிறாரோ அவரே ஆவார்.

கள்வரிடத்துத் தோன்றும் அச்சமும் தம் இறையிடத்துத் தோன்றும் அச்சமும் தனித்தனியே நிற்கும்வரை வாழ்க்கை ஒழுங்காக நடக்கிறது. கள்வன் வந்தால் இறையிடம் முறையிடலாம். ஆனால், கள்வனே இறையாக இருந்தால் யாரிடம் முறையிடுவது? தமிழில் சிறந்த மர்மப்படங்கள் எழுப்பும் வினா இதுவே. அவை இரண்டு அச்சங்களையும் ஒரே மனிதனிடத்தில் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

பத்திரையும் அமுதவல்லியும்

'கள்வன்' என்னும் சொல்லைச் சுற்றியே தமிழின் தலையாய காப்பியமும் இயங்குகிறது. கோவலன் கள்வன் எனப் பழிக்கப்பட்டுக் கொலையுண்டான். தன் கணவன் கள்வன் அல்லன் என்பதை மெய்ப்பிக்கவே கண்ணகி அரசவை ஏறினாள். உண்மை தெளிந்த கணத்தில் பாண்டியன் தன்னையே கள்வன் என்று தீர்ப்பிட்டு உயிர் நீத்தான். குற்றம், சான்று, விசாரணை, தீர்ப்பு ஆகிய நான்கும் அவ்வழக்குரை காதையில் முறையாக அமைந்துள்ளன. உடைக்கப்பட்ட சிலம்பிலிருந்து தெறித்த பரலே அங்குத் தடயமாயிற்று.

ஐம்பெருங்காப்பியங்களுள் மற்றொன்றான குண்டலகேசி இதற்கு நேர்மாறான கதையைக் கூறுகிறது. அந்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் கதை நீலகேசி உரை போன்றவற்றின் வாயிலாகவே தெரியவருகிறது. கொலைக்களத்திற்குக் கொண்டு செல்லப்படும் கள்வனான காளன்மீது வணிகர் மகள் பத்திரை காதல் கொள்கிறாள். தந்தை முயன்று அவனை மீட்டு மணம் முடித்து வைக்கிறார். ஊடற்பொழுதொன்றில் அவள் விளையாட்டாக அவனது பழைய நிலையைச் சுட்டிவிட, அவன் உள்ளத்தில் வஞ்சம் மூள்கிறது. மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்லத் துணிகிறான். அதனை உணர்ந்த பத்திரை, இறக்குமுன் கணவனை வலம்வர வேண்டும் எனக் கேட்டு, அவன் பின்புறம் வந்தபோது அவனைத் தள்ளிவிடுகிறாள். பின்னர் உலகை வெறுத்துப் பௌத்தத் துறவியாகிறாள்.

இக்கதையே 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்சாரின் 'மந்திரிகுமாரி' படத்திற்கு மூலமாயிற்று. மு. கருணாநிதி உரையாடல் எழுத, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அப்படத்தில், இராசகுருவின் மகன் பார்த்திபன் மறைவில் கொள்ளைக்காரனாகத் திரிகிறான். அவனை மணந்த அமைச்சர் மகள் அமுதவல்லி, மலையுச்சியில் பத்திரையின் வழியையே பின்பற்றுகிறாள். எஸ்.ஏ. நடராஜனும் மாதுரிதேவியும் அவ்வேடங்களை ஏற்றனர். இனிய இசையோடு இருவரும் மலையேறும் காட்சியில் பாடலின் இனிமைக்கும் கணவனின் உள்நோக்கத்திற்கும் இடையே நிலவும் முரணே அச்சத்தை விளைவிக்கிறது. கொடியவன் என்று தெரிந்த ஒருவன் வாள் ஏந்தி வந்தால் தோன்றும் அச்சத்தைவிட, அன்பன் என நம்பிய ஒருவன் பாடிக்கொண்டே அழைத்துச் செல்லும்போது தோன்றும் அச்சம் பெரிது.

அதே 1950ஆம் ஆண்டில் அதே நிறுவனம் 'திகம்பர சாமியார்' என்னும் துப்பறியும் படத்தையும் வெளியிட்டது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவிய அப்படத்தில் எம்.என். நம்பியார் பதினொரு வேடங்களில் தோன்றினார். வேடம் மாற்றித் திரிந்து குற்றவாளியைப் பிடிக்கும் துப்பறிவாளரின் திறமையே அங்குச் சுவை. இவ்விரு படங்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் தமிழ் மர்மப்படத்தின் முன் இருந்த இரு வழிகள் புலனாகும். ஒன்று, துப்பறிவாளரின் கூர்மையைக் காட்டும் வழி. மற்றொன்று, குற்றம் நிகழ்ந்த வீட்டின் உள்ளத்தைக் காட்டும் வழி. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த 'அந்த நாள்' இவ்விரு வழிகளையும் ஒன்றாக்கியது.

ஐவர் சொன்ன ஒருவன்

சப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' 1950இல் வெளிவந்து, 1951இல் வெனிசுத் திரைப்பட விழாவின் தலையாய பரிசைப் பெற்றது. அகுதாகவாவின் இரு சிறுகதைகளிலிருந்து உருவான அப்படத்தில், காட்டில் நடந்த ஒரு கொலையைப் பற்றிப் பலரும் சான்று கூறுகின்றனர். கொள்ளைக்காரன் சொல்வது ஒன்று. இறந்தவனின் மனைவி சொல்வது மற்றொன்று. இறந்த வீரனே மந்திரக்காரியின் வாயிலாகத் தோன்றிச் சொல்வது வேறொன்று. இவை தம்முள் பொருந்தவில்லை. ஒவ்வொருவரும் தம்மை உயர்வாகக் காட்டும் வகையிலேயே நிகழ்ச்சியை வனைந்து கூறுகின்றனர்.

திரைப்பட விழாவொன்றில் இப்படத்தைக் கண்ட எஸ். பாலசந்தர், அதன் கதை கூறும் முறையினால் ஈர்க்கப்பட்டு நாடகம் ஒன்றை எழுதினார். வானொலி நிலையம் அதனை ஏற்கவில்லை. பின்னர் ஏவி.எம். நிறுவனத்தார் அதனைப் படமாக்க முன்வந்தனர். திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார். வீணைக் கலைஞராகப் பெரும்புகழ் எய்திய பாலசந்தர், தாம் இயக்கிய இப்படத்தில் ஒரு பாடலைக்கூட வைக்கவில்லை. பாடலும் நடனமும் சண்டையும் இன்றித் தமிழ்ப்படம் ஓடாது என்று எண்ணப்பட்ட காலம் அது. வெளியான வேளையில் இப்படம் பெரும் வசூலைக் காணவில்லை என்றாலும், அறிஞர்தம் பாராட்டையும் நடுவணரசின் நற்சான்றிதழையும் பெற்றது.

படம் தொடங்கியவுடன் துப்பாக்கி வெடிக்கும் ஓசை கேட்கிறது. வானொலிப் பொறியாளன் இராஜன் சுடப்பட்டு வீழ்கிறான். கதைத்தலைவன் முதற்காட்சியிலேயே இறந்துவிடுகிறான். அவ்வேடத்தை ஏற்றவர், 'பராசக்தி'யால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் புகழின் உச்சியைத் தொட்டிருந்த சிவாஜி கணேசன். சுட்டவர் யார்? அண்டை வீட்டுச் சின்னையாப் பிள்ளை, தம்பி பட்டாபி, தம்பியின் மனைவி ஹேமா, ஆசைநாயகி அம்புஜம், மனைவி உஷா ஆகியோரிடம் விசாரணை நடைபெறுகிறது. அவர்கள் ஒவ்வொருவரையாகச் சுட்டி ஐயத்தை வளர்க்கின்றனர்.

இவ்விசாரணையில் இருவகை உண்மைகள் வெளிப்படுகின்றன. ஒருபுறம், இறந்தவனின் உருவம் ஒவ்வொரு வாக்குமூலத்திலும் மாறிக்கொண்டே வருகிறது. உடன்பிறந்தானுக்கு ஒருவன், காதலிக்கு ஒருவன், அயலாருக்கு ஒருவன் என ஓர் இராஜன் பல இராஜன்களாகப் பிரிகிறான். மறுபுறம், சொல்பவர்களின் உள்ளமும் வெளியே வருகிறது. பொருளாசையும் பொறாமையும் பழைய மனக்கசப்பும் சான்று என்னும் போர்வைக்குள் ஒளிந்திருக்கின்றன. பிறர்மேல் குற்றம் சாட்டும்போதுதான் மனிதன் தன்னைப் பற்றி மிகுதியாகச் சொல்லிவிடுகிறான் என்னும் உண்மையைப் பாலசந்தர் அறிவுரையாகக் கூறாமல் காட்சியாகவே அமைத்துள்ளார்.

எனினும் 'அந்த நாள்' ஓர் இன்றியமையாத இடத்தில் 'ராஷோமோனி'லிருந்து பிரிகிறது. குரோசாவாவின் படத்தில் உண்மை எது என்பது உறுதிப்படுவதே இல்லை. பாலசந்தரின் படத்தில் உண்மை இறுதியில் வெளிப்படுகிறது. இராஜன் பகைநாடான சப்பானுக்கு ஒற்றனாக வேலை செய்தவன். அவன் உயிரைப் பறித்த துப்பாக்கி மனைவி உஷாவின் கையில் இருந்தது. கொலையுண்டவனே குற்றவாளி, கொன்றவளோ குற்றத்தைத் தடுக்க முனைந்தவள். இவ்வாறு தொடக்கத்தில் பார்வையாளர் கொண்டிருந்த இரக்கமும் ஐயமும் இடம் மாறிவிடுகின்றன. பண்டரிபாய் உஷாவின் வேடத்தைத் தாங்கிய முறை, அம்மாற்றத்தை நம்பத்தக்கதாக்கியது.

உஷாவின் செயலைப் பத்திரையின் செயலோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். பத்திரை தன் உயிரைக் காத்துக்கொள்ளக் கொன்றாள். உஷாவின் உயிருக்கு இராஜனால் ஆபத்து இல்லை. அவள் அறியாத ஆயிரம் பேரின் உயிருக்கே ஆபத்து இருந்தது. கண்ணகி கணவனுக்காக அரசனிடம் நீதி கேட்டாள். உஷாவோ நாட்டுக்காகக் கணவனிடம் நீதி கேட்டாள். தேர்க்காலில் மகனைக் கிடத்திய சோழனின் கதையில் அரசன் ஒருவன் தன் வீட்டாரையே தண்டிக்கும் நிலைக்கு ஆளானதைத் தமிழர் போற்றி வந்துள்ளனர். அத்தகைய நிலை ஒரு குடும்பப் பெண்ணுக்கு வந்தால் அவளைப் போற்றுவதா, பழிப்பதா என்பதைப் பார்வையாளரிடமே படம் விட்டுவிடுகிறது. கணவனைத் தெய்வமாகக் கொண்டாடும் கதைகளே மிகுந்திருந்த 1954இல், அவ்வினாவை எழுப்பியதே பெருந்துணிவு எனல் வேண்டும்.

பினாங்கிலிருந்து சென்ற ஒற்றர்

'அந்த நாள்' படத்தின் கதை 1943இல் நிகழ்கிறது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் சப்பானிய விமானம் சென்னைமீது குண்டு வீசியது வரலாற்று நிகழ்ச்சி. அந்த இரவைப் பின்னணியாகக் கொண்டே படம் அமைந்துள்ளது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அதே காலத்தில் வாழ்ந்த தமிழரின் நினைவில் அவ்வாண்டு வேறு பொருளுடையது. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15இல் வீழ்ந்தது. தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். வேறு பலர் விடுதலை வேட்கையோடு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அந்த இராணுவம் சப்பானியரின் துணையோடுதான் இயங்கியது.

மேலும் ஒரு நிகழ்ச்சி இங்குக் கருதத்தக்கது. திருவிதாங்கூரின் வக்கம் என்னும் ஊரில் பிறந்து மலாயாவுக்கு வந்த அப்துல் காதர், பினாங்கில் பயிற்சி பெற்ற இளைஞர் குழுவினருள் ஒருவர். 1942இல் சப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் சென்று மலபார்க் கரையில் இறங்கிய அவர் பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10இல் சென்னைச் சிறையில் தோழர் சிலரோடு தூக்கிலிடப்பட்டார். சென்னைமீது குண்டு விழுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதமே முன்னதாக இது நடந்தது.

அப்துல் காதரும் கதைமாந்தனான இராஜனும் ஆங்கில அரசின் சட்டத்தின்முன் ஒரே குற்றத்தைச் செய்தவர்கள். இருவரும் பகைவனின் ஒற்றர்கள். ஆயினும் ஒருவரை வரலாறு தியாகி என்று கூறுகிறது. மற்றவனைத் திரைப்படம் துரோகி என்று கூறுகிறது. வேறுபாடு எங்கே இருக்கிறது? படம் இதற்கு விடை வைத்திருக்கிறது. இராஜன் நாட்டின் விடுதலைக்காகப் பகைவரோடு சேரவில்லை. தன் அறிவையும் கண்டுபிடிப்பையும் சொந்த நாடு மதிக்கவில்லை என்ற புண்பட்ட செருக்கே அவனை அவ்வழியில் தள்ளியது. தன்னை மதிப்பவன் எவனோ அவனுக்கே தன் அறிவு உரியது என அவன் எண்ணினான். அந்த அறிவின் விளைவை ஏற்கப்போகும் மக்கள் அவன் கணக்கில் வரவில்லை.

திறமை மதிக்கப்படாதபோது எழும் மனக்குமுறல் உண்மையானது, இரக்கத்திற்கும் உரியது. இராஜனின் ஏமாற்றத்தைப் படம் ஏளனம் செய்யவில்லை. அவன் வாதத்தில் ஓரளவு நியாயம் இருப்பதாலேயே அவன் வீழ்ச்சி பார்ப்பவரை வருத்துகிறது. முழுக் கொடியவனாக அவனைப் படைத்திருந்தால் உஷாவின் கைக்குத் தயக்கம் வந்திராது. படமும் வெறும் துப்பறியும் கதையாக முடிந்திருக்கும். மர்மப்படம் என்னும் வகை இங்கு ஆற்றிய பணி குறிப்பிடத்தக்கது. நாட்டுப்பற்றைப் பற்றி நேரடியாக ஒரு படம் எடுத்திருந்தால் இராஜன் தொடக்கத்திலேயே துரோகி என அறிவிக்கப்பட்டிருப்பான். உண்மையை இறுதிவரை மறைக்கும் கதைமுறையினால்தான் பார்வையாளர் அவனை முதலில் மனிதனாக அறிந்து, பின்னர்த் துரோகியாக அறிய நேர்கிறது.

பொம்மைக்குள் வைத்த குண்டு

பாலசந்தர் பின்னரும் இத்துறையில் உழைத்தார். 'அவனா இவன்' 1962இலும் 'பொம்மை' 1964இலும் 'நடு இரவில்' 1970இலும் வெளிவந்தன. இவற்றுள் 'பொம்மை' தனித்துக் குறிப்பிடத்தக்கது. செல்வர் ஒருவரைக் கொல்வதற்காக, நம்பிக்கைக்குரியவராகப் பழகியவர்களே பொம்மை ஒன்றினுள் வெடிகுண்டை வைக்கின்றனர். அப்பொம்மை தவறிப்போய்க் கைமாறிச் செல்கிறது.

ஆங்கிலத் திரைப்பட இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக், திடீர் அதிர்ச்சிக்கும் நீடித்த பதைப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குகையில், மேசைக்கு அடியில் இருக்கும் குண்டை உவமையாகக் கூறுவார். குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாவிட்டால் வெடிக்கும்போது ஒரு கணம் மட்டுமே அதிர்ச்சி. முன்பே தெரிந்திருந்தால், மேசையைச் சுற்றி நடக்கும் சாதாரணப் பேச்சுகூட நெஞ்சைப் பிசையும். 'பொம்மை' இந்நெறியில் அமைந்த படம். குண்டு இருப்பதை அறிந்தவர் பார்வையாளர். அறியாதவர் பொம்மையைத் தொடுபவர். யாருக்கோ குறிவைத்த தீமை, அதனோடு எத்தொடர்பும் இல்லாதவர் கைகளில் அன்பளிப்பாகப் போய்ச் சேரும் நிலையைக் கண்டு பார்வையாளர் பதைக்கின்றனர். முன்பின் அறியாதவர்பால் கொள்ளும் அப்பதைப்பு ஒருவகையில் அருளுணர்வே ஆகும்.

அஞ்சுகின்ற கள்வன்

'பொம்மை' வெளிவந்த அதே 1964ஆம் ஆண்டில் தாதா மிராசி இயக்கிய 'புதிய பறவை' வண்ணப்படமாக வந்தது. 'சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ' என்ற 1958ஆம் ஆண்டின் ஆங்கிலப்படமும், அதன்வழி வந்த 'சேஷ் அங்கா' என்ற 1963ஆம் ஆண்டின் வங்காளப்படமும் இதற்கு முன்னோடிகள். ஆங்கிலப்படத்தில் குற்றத்தை மறைத்து வாழ்பவள் ஒரு பெண். தமிழுக்கு வந்தபோது அவ்விடத்தில் ஓர் ஆடவன் நிற்கிறான்.

இப்படத்தின் கதை சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பலில் தொடங்குகிறது. செல்வர் மகன் கோபால் அக்கப்பலில் லதா என்னும் பெண்ணையும் அவள் தந்தை எனக் கூறிக்கொள்ளும் முதியவரையும் சந்திக்கிறான். நட்பு காதலாகிறது, திருமணம் பேசப்படுகிறது. அவ்வேளையில், இறந்துபோனதாக அவன் கூறிய முதல் மனைவி சித்ரா, தன் மாமனுடன் வீட்டுக்குள் நுழைகிறாள். சிங்கப்பூரில் பாடகியாக இருந்து அவன் மணந்த அதே சித்ரா. அவள் போலி எனக் கோபால் கதறுகிறான். எவரும் நம்புவதாக இல்லை. அவள் போலி என்பதை அவன் எவ்வாறு உறுதியாக அறிவான்? உண்மையான சித்ரா தன் கையால் அறையப்பட்டு இறந்தவள் என்பதும், உடலை இரயில் தண்டவாளத்தில் கிடத்தித் தற்கொலையெனக் காட்டியவன் தானே என்பதும் அவனுக்குத் தெரியும். இறுதியில் அதனைத் தன் வாயாலேயே சொல்லிவிடுகிறான். லதாவும் 'தந்தை'யும் காவல்துறையினர். வந்த சித்ரா அவர்கள் அமைத்த வேடம் என்பது அப்போது வெளிப்படுகிறது.

பத்திரைக்கும் உஷாவுக்கும் நேர்ந்த அச்சம் இங்குத் தலைகீழாகியுள்ளது. வீட்டின் இறையாகிய கோபாலே அஞ்சுகிறான். தன் வீட்டில் தன்னோடு உண்பவர் யார், உறங்குபவர் யார் என்பது அவனுக்குத் தெரியவில்லை. முன்னர்க் கள்வன் வீட்டுக்குள் இருந்தான். இப்போது சட்டம் வீட்டுக்குள் வந்து காதலியின் வடிவில் அமர்ந்திருக்கிறது. இரயிலைக் கண்டாலே அவன் நிலைகுலைவது, முதலில் நோய்போலத் தோன்றிப் பின்னர்ச் சான்றாகிறது. சிலம்பின் பரல் புறத்தே கிடைத்த தடயம். கோபாலின் நடுக்கம் அகத்தே கிடைத்த தடயம்.

உண்மையை வெளிக்கொணர்வதற்காகப் பொய்யான அன்பைக் கருவியாக்கலாமா என்னும் அறவினாவும் இப்படத்தில் உண்டு. லதா நடித்த காதல் நாளடைவில் மெய்யாகிவிடுகிறது. கடமை வென்றது, ஆனால் அவ்வெற்றியில் அவளுக்கு மகிழ்ச்சி இல்லை. சரோஜாதேவியும் சிவாஜி கணேசனும் தோன்றும் அவ்விறுதிக் காட்சியில் குற்றவாளி பிடிபட்டான் என்ற நிறைவு பார்வையாளருக்கும் ஏற்படுவதில்லை.

எனினும் இப்படத்தின் குறை ஒன்றையும் சுட்டுதல் வேண்டும். 'ராஷோமோன்' படத்தில் இறந்தவனுக்கும் பேச ஒரு வாய் கிடைத்தது. 'அந்த நாள்' படத்தில் இறந்தவனைப் பற்றி ஐவர் பேசினர். 'புதிய பறவை'யில் இறந்த சித்ராவைப் பற்றிப் பேசுபவன் அவளைக் கொன்றவன் மட்டுமே. அவள் குடித்தாள், குடும்பத்தின் மானத்தைக் குலைத்தாள், அவளுக்கு நெஞ்சு நோய் இருந்தது என்பனவெல்லாம் அவன் கூற்றே. படமும் அக்கூற்றை அப்படியே காட்சியாக்கி உண்மையென முத்திரையிடுகிறது. சௌகார் ஜானகியின் சிறந்த நடிப்பில் ஒளிரும் அப்பெண், தன் பக்கத்தைச் சொல்ல ஒரு கணமும் பெறவில்லை. பல சான்றுகளைக் கேட்டு உண்மையைத் தேடும் நெறியைப் 1954இல் கற்ற தமிழ்த்திரை, பத்தாண்டுகள் கழித்து ஒருவன் கூற்றிலேயே அமைதி கண்டது வியப்புக்குரியது. மாணவர்க்கு இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துக் காட்டிச் 'சித்ராவின் வாக்குமூலம்' என்னும் தலைப்பில் எழுதப் பணித்தால் பயன் விளையும்.

காயப்பட்ட சிறுவர்கள்

எழுபதுகளின் இறுதியில் தமிழ் மர்மப்படம் மற்றொரு திருப்பத்தைக் கண்டது. பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' 1978இலும், பாலு மகேந்திராவின் 'மூடுபனி' 1980இலும் வெளிவந்தன. முன்னதில் செல்வமும் பண்பும் உடையவனாகத் தோன்றும் திலீப், சாரதா என்னும் எளிய பெண்ணை மணந்து தன் மாளிகைக்கு அழைத்து வருகிறான். அம்மாளிகையில் முன்னர்ப் பல பெண்கள் கொலையுண்டதை அவள் மெல்ல மெல்ல அறிகிறாள். பின்னது ராஜேந்திரகுமாரின் 'இதுவும் ஒரு விடுதலைதான்' என்னும் நாவலைத் தழுவியது. அதில் தன் தாய் பட்ட துன்பத்தைச் சிறுவயதில் கண்டு வளர்ந்த சந்துரு, அத்துன்பத்திற்குக் காரணம் எனத் தான் கருதிய வகைப் பெண்களைக் கொல்கிறான். தாயின் சாயல் கொண்ட ரேகாவைக் கவர்ந்து செல்கிறான்.

மலையுச்சியில் பத்திரை நின்ற இடத்தில் மாளிகைக்குள் சாரதா நிற்கிறாள். ஆனால், இப்படங்களில் கொன்றவர் யார் என்பது பெரிதும் மறைக்கப்படவில்லை. அவன் ஏன் இவ்வாறானான் என்பதே மறைக்கப்பட்டுள்ளது. இரு படங்களிலும் விடை ஒரு சிறுவனிடம் சென்று முடிகிறது. ஆதரவற்றுத் திரிந்து பழி சுமத்தப்பட்ட சிறுவன் ஒருவன். தந்தையின் கொடுமையைத் தாய்க்காகத் தாங்கிய சிறுவன் ஒருவன். வளர்ப்பவரின் வெறுப்பு பிள்ளைக்குச் சொத்தாக இறங்குவதைத் 'சிகப்பு ரோஜாக்கள்' அஞ்சத்தக்க வகையில் காட்டுகிறது. ஆசிரியப் பணியில் இருப்போர் இதனைச் சிந்தித்தல் நன்று.

ஆயினும் காரணம் அறிதல் வேறு, குற்றத்தைப் பொறுத்தல் வேறு. இவ்வகைப் படங்கள் கொல்பவனின் காயத்தை விரிவாகக் காட்டும் அளவுக்குக் கொல்லப்படும் பெண்களின் வாழ்வைக் காட்டுவதில்லை. அவர்களுள் பலருக்குப் பெயரே நினைவில் நிற்பதில்லை. சித்ராவுக்கு மறுக்கப்பட்ட குரல் இவர்களுக்கும் மறுக்கப்பட்டது.

உட்பகை

திருவள்ளுவர் உட்பகைக்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். அதன் இறுதிக் குறள், உள்ளம் ஒன்றாதவரோடு வாழும் வாழ்க்கையை ஒரு குடிசைக்குள் பாம்போடு கூடி வாழ்வதற்கு ஒப்பிடுகிறது. பாம்பு காட்டில் இருப்பது இயல்பு. குடிசையில் இருக்கும்போதுதான் உறக்கம் போகிறது. இக்குறளின் விரிவுரைபோலவே பத்திரையின் மலையுச்சி முதல் சாரதாவின் மாளிகை வரையிலான கதைகள் அனைத்தும் அமைந்துள்ளன.

அக்குடிசையில் நிகழ்வதைக் காட்டுவதற்கு மர்மப்படத்தின் கதைமுறை ஏற்றதாய் இருப்பதற்கும் காரணம் உண்டு. நாள்தோறும் ஒரே வீட்டில் வாழ்பவர் ஒருவரையொருவர் விசாரிப்பதில்லை. நம்பிக்கை என்னும் பெயரால் பலவற்றைக் கேளாமல் விட்டுவிடுகின்றனர். கொலை ஒன்று நிகழ்ந்து, அயலார் ஒருவர் வந்து வினவத் தொடங்கும்போதுதான் அண்ணனைத் தம்பியும் கணவனை மனைவியும் எவ்வளவு அறிந்திருந்தனர் என்பது தெரிகிறது. சிவானந்தம் வினவிய ஐவருள் ஒருவருக்கும் இராஜனை முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை. முழுமையாகத் தெரிந்துகொண்ட ஒருத்தியின் கையில்தான் துப்பாக்கி இருந்தது.